12 வருஷம் இங்கிலீஷ் படிச்சும் பேச வரலையா? வகுப்பறையில் ஒரு மாணவர் வாய் திறக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா?

பிளஸ் டூ ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். ஆனால் கல்லூரியில் முதல் நாள் "இன்ட்ரடியூஸ் யுவர்செல்ஃப்" என்றதும், "மை நேம் இஸ்..." என்று ஆரம்பித்து ஊர் பெயரோடு நின்றுவிடும். அடுத்த வாக்கியம் மனசுக்குள் தமிழில் தயாராக இருக்கும், வாய்க்கு வராது. மூன்று, நான்கு வருடம் கழித்து கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன் வரும்போதும் பலருக்கு இதே நிலைமைதான்.

கூச்சம், கிராமர் தெரியாது, தமிழ் மீடியம், வீட்டில் பேச ஆளில்லை... காரணம் கேட்டால் இப்படித்தான் பட்டியல் நீளும். எல்லாமே ஓரளவு உண்மைதான். ஆனால் இதைவிட எளிமையான ஒரு காரணம் இருக்கிறது. அந்த மாணவர் பள்ளியில் ஆங்கிலம் படித்திருக்கிறார், கேட்டிருக்கிறார், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பேசியது மட்டும் இல்லை. அதற்கு வகுப்பில் அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

எவ்வளவு நேரம்? கணக்கு போட்டே பார்த்துடலாம்.

1,600 மணி நேரத்தில் வெறும் 10 மணி நேரம்

ஒரு பீரியட் 40 நிமிடம், வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால்கூட, ஒருவர் பின் ஒருவராகப் பேசினால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். நடைமுறையில் பாடம் நடத்துவது, போர்டில் எழுதிப் போடுவது, நோட்டு திருத்துவது என 30 நிமிடம் போய்விடும். மிச்சம் 10 நிமிடம். அதை 40 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 15 விநாடி.

வருடத்துக்கு 200 வகுப்பு என்றால் 50 நிமிடம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை 12 வருடத்துக்கு 10 மணி நேரம். அதே 12 வருடத்தில் அவர் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம் 1,600 மணி. பத்து மணி நேரப் பழக்கத்தில் தவில் வாசிக்க வருமா? ஆனா இங்கிலீஷ் மட்டும் வந்துடணும்னு எதிர்பார்க்கிறோம்.

இதுவும் சராசரிக் கணக்குதான். உண்மையில் அந்த 10 நிமிடத்தில் பெரும்பகுதி முன் பெஞ்சில் கை தூக்கும் நாலைந்து பேருக்கே போகும். கடைசி பெஞ்ச் மாணவர் ஒரு டேர்ம் முழுக்க "பிரசன்ட் மிஸ்" தவிர வேறு ஆங்கிலம் பேசாமலேயே இருந்துவிட முடியும். எல்லோரும் சேர்ந்து கோரஸாக வாசிப்பது கணக்கில் வராது. அது பேச்சு இல்லை, ஒப்பித்தல்.

சரி, அந்த 10 நிமிடத்தை வரிசையாகக் கொடுக்காமல், பக்கத்தில் இருப்பவரோடு ஜோடியாகப் பேசச் சொன்னால் என்ன ஆகும்? ஒரே நேரத்தில் 20 பேர் பேசுவார்கள். ஆளுக்கு 5 நிமிடம். வருடத்துக்கு 1,000 நிமிடம், அதாவது 16 மணி 40 நிமிடம். பள்ளி வாழ்க்கை முழுக்கக் கிடைப்பதைவிட அதிகம், ஒரே வருடத்தில். இதற்கு புது லேப் வேண்டாம், ஸ்மார்ட் போர்டு வேண்டாம்.

கேள்வி, ஒரு வார்த்தை பதில், 'வெரி குட்'

"ஹூ இஸ் த மெயின் கேரக்டர் இன் திஸ் ஸ்டோரி?" ஆசிரியர் கேட்கிறார். மாணவர் எழுந்து ஒரு பெயரைச் சொல்கிறார். "குட். சிட் டவுன்." அடுத்த கேள்வி.

உலகம் முழுக்க வகுப்பறைகள் இந்த மூன்று படியில்தான் ஓடுகின்றன. ஜான் சின்க்ளேர், மால்கம் கூல்தார்ட் என்ற பர்மிங்காம் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் 1975-ல் வெளியிட்ட ஆய்வில் இதை விவரித்தார்கள். ஆசிரியர் தொடங்குவார், மாணவர் பதில் சொல்வார், ஆசிரியர் மதிப்பிடுவார். பேச்சைத் தொடங்குவதும் முடிப்பதும் எப்போதும் ஆசிரியர்தான். மாணவருக்கு நடுவில் ஒரே ஒரு இடம், அதுவும் பெரும்பாலும் ஒரு வார்த்தை அளவு.

வெளியில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. பதில் தெரிந்துகொண்டே யாரும் கேள்வி கேட்பதில்லை. பேச்சைத் தொடங்குவது, புரியாவிட்டால் திரும்பக் கேட்பது, மறுத்துப் பேசுவது, நடுவில் தடுமாறினால் சமாளிப்பது... இந்த வேலைகள் எதுவும் அந்த மூன்று படிக்குள் மாணவருக்கு வராது. குரூப் டிஸ்கஷனில் கேட்கப்படுவதோ இவை மட்டும்தான்.

இதில் செலவே இல்லாத ஒரு மாற்றம் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி! அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள், இல்லையென்றால் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். இதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, தானாகப் பேசுபவர்கள் கூடினார்கள், 'சுமாரான மாணவர்' என்று நினைக்கப்பட்டவர்களும் வாய் திறந்தார்கள்.

அது தாய்மொழியிலேயே நடந்த வகுப்பு. நம் மாணவர் கேள்வியைப் புரிந்து, தமிழில் பதில் யோசித்து, அதை ஆங்கிலத்தில் அடுக்க வேண்டும். அவருக்கு 3 விநாடியே குறைவு.

கேட்டுக்கொண்டே இருந்தால் வந்துவிடாதா?

ஆங்கிலச் சேனல் பாரு, படம் பாரு, தானா வரும் என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. பாதி சரி. கேட்காமல் எந்த மொழியும் வராது. ஆனால் மீதிப் பாதிக்கு கனடாவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

அங்கு 1965-ல் கியூபெக் மாகாணத்தின் செயின்ட் லாம்பர்ட்டில் ஒரு திட்டம் தொடங்கியது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தினார்கள். வருடக்கணக்கில் தினமும் பல மணி நேரம் பிரெஞ்சு காதில் விழுந்தது. கேட்டுப் புரிந்துகொள்வதில் குழந்தைகள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். பேச்சு மட்டும் பின்தங்கியது, இலக்கணப் பிழைகள் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. மெரில் ஸ்வெயின் என்ற ஆய்வாளர் 1985-ல் இதற்கு விளக்கம் சொன்னார். புரிந்துகொள்ள அரைகுறை இலக்கணம் போதும். அடுத்தவருக்குப் புரிய வைக்க அது போதாது. பேசும்போதுதான் 'எனக்கு இந்த இடம் தெரியவில்லை' என்பதே நமக்குத் தெரிகிறது. இந்த விளக்கத்தில் முக்கியமான வார்த்தை 'அடுத்தவருக்கு'. கண்ணாடி முன் தனியாகப் பேசிப் பழகும்போது, புரியலைன்னு சொல்ல அங்கே ஆள் கிடையாது.

கடலூர் வரை வந்த சோதனை

'டாஸ்க் வழியாக மொழி கற்பித்தல்' பற்றி உலகில் எங்கே யார் எழுதினாலும் ஒரு இந்தியப் பெயர் வரும்: என்.எஸ்.பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய இவர், 1979 முதல் 1984 வரை பெங்களூரு வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார். 'பெங்களூர் புராஜெக்ட்' என்று பெயர். ஆனால் வகுப்புகள் பெங்களூருவில் மட்டும் நடக்கவில்லை. சென்னை, கடலூர், ஒடிசாவின் கட்டாக் வரை நடந்தன. சாதாரணப் பள்ளிகள், நிறைய மாணவர்கள், வீட்டில் ஆங்கிலமே இல்லாத பிள்ளைகள்.

அவர் செய்தது கொஞ்சம் துணிச்சலான காரியம். இலக்கணப் பாட வரிசையை எடுத்துவிட்டார். பதிலுக்கு, பிள்ளைகள் யோசித்து விடை கண்டுபிடிக்க வேண்டிய வேலைகளைக் கொடுத்தார். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் சரியான நேரத்துக்குப் போகலாம்? வரைபடத்தில் இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு எப்படிப் போவது? முதலில் ஆசிரியர் ஒரு கணக்கை முழு வகுப்போடும் ஆங்கிலத்தில் பேசிப் பேசித் தீர்ப்பார். பிறகு அதே மாதிரி இன்னொன்றை மாணவர்கள் தாங்களாகவே செய்ய வேண்டும். கவனம் முழுக்க விடை மேல் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. நடுவில் தாய்மொழியில் பேசினாலும் தடை இல்லை. வகுப்பில் பாதிப் பேராவது பாதி வேலையையாவது சரியாக முடித்தால், அந்த டாஸ்க் சரியான அளவில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஒரு ஆசிரியருக்கு உதவும் அளவுகோல் இது.

பின்னர் பெரெட்டா, டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வகுப்புகளையும் வழக்கமான வகுப்புகளையும் ஒப்பிட்டார்கள். முடிவு ஒருபக்கமாக இல்லை. இலக்கண அமைப்பை மட்டும் சோதித்த தேர்வில் வழக்கமான வகுப்புகள் முன்னால் நின்றன. மொழியைப் பயன்படுத்த வேண்டிய தேர்வுகளில் பிரபுவின் மாணவர்கள் முன்னால் நின்றார்கள். எதைப் பழகினார்களோ அது வந்தது. நம் பிள்ளைகள் எழுத்துத் தேர்வைப் பழகுகிறார்கள், எழுத்துத் தேர்வு வருகிறது.

ஜோடியாகப் பேசவிட்டால் தப்பு இங்கிலீஷ் ஒட்டிக்காதா?

நியாயமான பயம். சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், பிரபுவுக்கே இந்தப் பயம் இருந்தது. அதனால்தான் அவர் குழு வேலையை அதிகம் விரும்பவில்லை. ஆசிரியர், வகுப்பு என்ற உரையாடலைத்தான் நம்பினார்.

ஆனால் 1985-ல் மைக்கேல் லாங், பாட்ரிசியா போர்ட்டர் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வேறு படம் கிடைத்தது. ஆசிரியரோடு பேசும்போது செய்யும் பிழைகளைவிடச் சக மாணவரோடு பேசும்போது பிழைகள் கூடவில்லை. பேசும் அளவுதான் கூடியது. "என்ன சொன்ன?", "இப்படியா சொல்ற?" என்று திரும்பக் கேட்பதும் கூடியது. இப்படிப் புரியாமல் நின்று, கேட்டு, மாற்றிச் சொல்லும் இடத்தில்தான் மொழி வளர்கிறது என்பது லாங்கின் வாதம். ஆசிரியரிடம் "புரியலை, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்க எத்தனை மாணவருக்குத் தைரியம் வரும்? பக்கத்து பெஞ்ச் நண்பனிடம் அந்தத் தயக்கம் இருக்காது.

50 பேர் படிக்கும் வகுப்புக்கு ஜோடிப் பேச்சைவிட்டால் வேறு கணக்கு சரிவராது. ஆனால் பிரபு சொன்னதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: முதலில் ஆசிரியர் முழு வகுப்போடு ஒருமுறை செய்து காட்டிவிட்டு, பிறகு ஜோடியாக விடலாம். எதுவும் கொடுக்காமல் "டாக் டு யுவர் பார்ட்னர்" என்றால் பிள்ளைகள் நேற்றைய மேட்ச் பற்றி தமிழில்தான் பேசுவார்கள். பெரியவங்களும் அப்படித்தான் பேசுவாங்க.

தப்பை எப்போ திருத்தணும், எப்படி?

மாணவர்: "யெஸ்டர்டே ஐ கோ டு டெம்பிள்."
ஆசிரியர்: "ஓ, யு வென்ட் டு த டெம்பிள்?"
மாணவர்: "யெஸ் மிஸ்."

ஆசிரியர் திருத்திவிட்டார். மாணவருக்கு அது தெரியவே இல்லை. கோயிலுக்குப் போனதைத்தான் மிஸ் கேட்கிறார் என்று நினைத்து 'யெஸ்' சொல்லிவிட்டார். ராய் லிஸ்டர், லீலா ராண்டா இருவரும் மாண்ட்ரியல் பகுதி வகுப்புகளைப் பதிவு செய்து 1997-ல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 சதவீதம் இந்த வகைதான். அவற்றில் 31 சதவீதத்துக்குத்தான் மாணவரிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது. மற்றதெல்லாம் காற்றோடு போனது.

அதற்குப் பதில் "யெஸ்டர்டே ஐ..." என்று இழுத்து நிறுத்திப் பாருங்கள். மாணவர் யோசிப்பார், "வென்ட்" என்பார். இப்படி மாணவரிடமிருந்தே வரவழைக்கும் முறைக்கு அந்த ஆய்வில் ஒவ்வொரு முறையும் மாணவர் ஏதோ ஒரு பதில் கொடுத்தார்.

எல்லாத் தப்பையும் நிறுத்தித் திருத்தத் தேவையில்லை. 'நேத்துதான் வந்தான்' என்பதை "யெஸ்டர்டே ஒன்லி ஹி கேம்" என்று சொன்னால் அது தமிழ் வாசனை, அர்த்தம் போய்விடவில்லை. 'புக்' என்பதைப் 'புக்கு' என்பதும் அப்படியே. ஆனால் 'தேர்ட்டீன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'தேர்ட்டி' காதில் விழுந்தால் விலையே மாறிவிடும், அதைத் திருத்தியே ஆகணும். பேசி முடிக்கும் வரை விட்டுவிட்டு, பொதுவாக வந்த இரண்டு மூன்று தப்புகளைப் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதித் திருத்துவது, நடுவில் மறிப்பதைவிடப் பிள்ளைகளுக்கு எளிது. மற்றவர்கள் சிரிக்கும் சத்தம் ஒருமுறை கேட்ட மாணவர், அடுத்த முறை கை தூக்கமாட்டார்.

தமிழில் பேசினால் ஃபைன் போடலாமா?

சில தனியார் பள்ளிகளில் வளாகத்துக்குள் தமிழ் பேசினால் அபராதம். இதனால் ஆங்கிலம் வளர்வதைவிட மௌனம்தான் வளரும். ஃபைன் கட்டாமல் தப்பிக்க ரொம்ப எளிய வழி, பேசாமல் இருப்பது. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-ம் மாணவரின் பல மொழி அறிவை வகுப்பறைக்கான வளமாகத்தான் பார்க்கிறது, தடையாக அல்ல.

நடைமுறையில் ஒரு எல்லை வைத்துக்கொள்ளலாம். என்ன சொல்வது என்று தமிழில் பேசித் திட்டமிடட்டும், வகுப்புக்குச் சொல்லும்போது ஆங்கிலத்தில் சொல்லட்டும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981-ல் அறிமுகப்படுத்திய 'திங்க், பேர், ஷேர்' முறை இதற்குப் பொருத்தம். முதலில் தனியாக யோசி, பக்கத்தில் இருப்பவரோடு பேசு, பிறகு எல்லோருக்கும் சொல். மூன்றாவது படிக்கு வரும்போது மாணவர் அந்த வாக்கியத்தை ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பார். பயத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

50 பேர், நகராத பெஞ்ச். என்ன செய்யலாம்?

ஒற்றை வரிசை பெஞ்சுகள் திரும்பி, பின்னால் இருப்பவர்களைப் பார்த்து உட்காரலாம். நாற்காலி எதையும் நகர்த்த வேண்டாம். முன்னால் இருப்பவர் கையில் ஒரு சீட்டு, அதில் பஸ் நேரம் மட்டும். பின்னால் இருப்பவர் கையில் இன்னொன்று, அதில் கட்டணம் மட்டும். திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊர்களாகவே இருக்கட்டும். 100 ரூபாய்க்குள் பகல் 12 மணிக்கு முன்னால் எந்த ஊருக்குப் போய்ச் சேரலாம் என்று இருவரும் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசித்தான் தெரிந்துகொள்ளணும். 'தேர்ட்டி, தேர்ட்டீன்' குழப்பம் இங்கே தானாக வெளியே வரும், ஆசிரியர் சொல்லிக் காட்ட வேண்டியதே இல்லை.

போர்டின் ஓரத்தில் சில வரிகளை வருடம் முழுக்க அழிக்காமல் வைக்கலாம். "கேன் யு சே தட் அகெய்ன்?", "டூ யு மீன்...?", "ஐ டோன்ட் அக்ரீ பிகாஸ்...", "கிவ் மீ எ மினிட்." பேச்சு நின்றுபோகும் இடத்தில் கை கொடுப்பவை இவைதான். பாடப்புத்தகத்தின் கடினச் சொல் பட்டியலைவிட இந்த நாலு வரி அதிகம் உதவும்.

இன்னொன்று, மொழியியலாளர் பால் நேஷன் பரவலாக்கிய 4-3-2 முறை. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம் சொல்ல வேண்டும், ஆளை மாற்றி இன்னொருவரிடம் 3 நிமிடத்தில், மூன்றாவது ஆளிடம் 2 நிமிடத்தில். மூன்றாவது தடவை தடுமாற்றம் குறைந்து வேகம் வந்திருக்கும். பள்ளி மாணவர்களுக்கு 4 நிமிடம் அதிகம், 2 நிமிடத்தில் தொடங்கலாம்.

சத்தம் வரும், கண்டிப்பாக வரும். 25 ஜோடி ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். ஹெச்.எம். வராண்டாவில் நடந்து வந்தால் 'கிளாஸ் கண்ட்ரோல் இல்லை' என்று நினைக்கவும் வாய்ப்புண்டு. முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவது, முதலில் 5 நிமிடம் மட்டும் செய்வது, கைதட்டினால் பேச்சை நிறுத்தணும் என்று பழக்குவது... இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனால் இவை இல்லாமல் பல நல்ல முயற்சிகள் இரண்டாவது வாரத்தில் நின்றுபோகின்றன.

'எனக்கே சரளமா வராது, நான் எப்படி பேச வைக்கிறது?' என்ற தயக்கம் ஆசிரியர்களுக்கும் உண்டு. அவர்களும் இதே 15 விநாடி வகுப்பில் படித்து வந்தவர்கள்தானே. ஆனால் 40 நிமிடம் ஆங்கிலத்தில் லெக்சர் கொடுப்பதைவிட, 10 நிமிடம் பேச ஒரு நல்ல வேலையைக் கொடுத்துவிட்டு பெஞ்ச் பெஞ்சாக நடந்து காது கொடுப்பதற்குக் குறைவான ஆங்கிலம் போதும்.

தேர்வில் இல்லாதது வகுப்பில் இருக்குமா?

தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளில் நிலைமை முன்பைவிட மாறியிருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இரண்டுமே பிள்ளைகளை ஆடி, பாடி, பேசிப் படிக்க வைப்பவை. சிக்கல் அதற்கு மேல். பத்தாம் வகுப்பு நெருங்க நெருங்க 'போர்ஷன் முடிக்கணும்' என்ற அவசரம் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. மாநிலப் பாடத்திட்ட பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கான மதிப்பெண்ணில் பெரும்பங்கு எழுத்துத் தேர்வுக்குத்தான். சிபிஎஸ்இ மேல்நிலை ஆங்கிலத்தில் 20 மதிப்பெண் உள்மதிப்பீட்டுக்குள் கேட்டலும் பேசுதலும் வருகின்றன. மதிப்பெண் இருந்தால்தான் பீரியட் கிடைக்கும் என்பது நம் பள்ளிகளின் யதார்த்தம்.

இதில் அதிகம் இழப்பது யார்? வீட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் இருக்கும் பிள்ளைக்கும், ஸ்போக்கன் இங்கிலீஷ் கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்த பிள்ளைக்கும் வகுப்பின் 15 விநாடி ஒரு பொருட்டே இல்லை. அரசுப் பள்ளியில் படிக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்த வகுப்புதான் ஒரே இடம். 2020-ல் மருத்துவப் படிப்பிலும், 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. சீட் கிடைத்துவிட்டது. உள்ளே போனதும் லெக்சர் ஆங்கிலத்தில், வைவா ஆங்கிலத்தில். பாடம் தெரிந்தும் வைவாவில் தலைகுனிந்து நிற்பது, தெரியாமல் நிற்பதைவிட வலி.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

வீட்டில் ஆங்கிலம் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. "இங்கிலீஷ்ல என்ன மார்க்?" என்று கேட்பதோடு, "இன்னைக்கு இங்கிலீஷ் பீரியட்ல நீ யார்கூட பேசின, என்ன பேசின?" என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். பதில் தமிழிலேயே வரட்டும். ஒரு வாரம் முழுக்க 'யார்கூடவும் இல்ல' என்றே பதில் வந்தால், பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்திலோ பெற்றோர் ஆசிரியர் சந்திப்பிலோ அதைப் பேசலாம். கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றி கேட்கும் அதே கூட்டத்தில், வாரத்துக்கு இரண்டு பீரியடில் பத்து பத்து நிமிடம் ஜோடிப் பேச்சுக்கு ஒதுக்க முடியுமா என்று கேட்பதற்கும் இடம் உண்டு.